ஆறாவது மாடிக்குத் தண்ணீர்

செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்க்கிறார்கள். எட்டு அடுக்கு, ஏறத்தாழ 27 மீட்டர் உயரம், உச்சியில் கூம்பிய கூரை. படம் எடுத்துக்கொள்ளத் தோதான கட்டடம்தான். என்னைக் கேட்டால் அதன் பெருமை முழுவதும் உள்ளே ஏறிப்போகும் ஒரு மண்குழாயில் இருக்கிறது. மதிலுக்கு வெளியே ஐந்நூறு கெஜம் தள்ளியிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய் வழியே தண்ணீர் வந்து, இந்தக் கோபுரத்தின் ஆறாவது மாடி வரை ஏறியிருக்கிறது. அதற்கு ஏற்றம் வேண்டியிருக்கவில்லை, கவலை இழுக்க மாடு வேண்டியிருக்கவில்லை. மேட்டில் தேங்கிய தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, மறுமுனையில் தன் மட்டத்தைத் தேடித் தானே ஏறிக்கொள்ளும். அதை நம்பிச் செய்த வேலை.

சொல்வதற்கு எளிது. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்துக்கு நின்றாலே அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஒரு கிலோ எடை ஏறி உட்கார்ந்துவிடும். ஆறு மாடி என்றால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். இத்தனையையும் தாங்க வேண்டியது குயவர் சூளையில் வெந்த மண். மண்குழாய் ஒரே நீளமாக வராது. துண்டு துண்டாக வனைந்து, ஒன்றன் வாயில் இன்னொன்றின் முனையைச் செருகி, இணைப்பைச் சாந்து வைத்துப் பூச வேண்டும். எங்கேயோ ஒரு பூச்சு விட்டுப்போனால் போதும், மேல்மாடிக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. அதோடு சுவரும் ஊறும். ஐந்நூறு கெஜத்துக்குள் எத்தனை இணைப்பு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டால், அந்தக் குயவரையும் கொத்தனாரையும் ராஜாக்களுக்கு முந்தி வைத்துப் பேசத் தோன்றுகிறது.

கோபுரத்தின் அறைகளையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சுற்றிலும் வளைவுகளோடு அறைகள் வரிசையாக அமைந்த சதுர முற்றம். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்பார்கள். நடுவில்தான் கோபுரம் நிற்கிறது. முதல் ஆறு மாடிகளும் ஒரே வார்ப்பு. எட்டடிக்கு எட்டடியில் ஓர் அறை, அதைச் சுற்றி வளைவுகள் தாங்கும் தாழ்வாரம், ஒரு மாடியிலிருந்து அடுத்ததற்குச் சின்னப் படிக்கட்டு. எட்டடி அறை என்றால் இன்றைக்குச் சென்னையில் கூட முகம் சுளிப்பார்கள். ஆனால் இங்கே அறை என்பது உள்ளே ஒதுங்கிக்கொள்ள மட்டும், இருப்பதெல்லாம் தாழ்வாரத்தில். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும், அறைச் சுவரைத் தொடாது. எந்தத் திசையில் காற்று அடித்தாலும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். செஞ்சியின் சித்திரை வெயிலைப் பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். சுற்றியுள்ள பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும் ஊர் இது. ஏழாவது மாடிக்குத் தாழ்வாரம் இல்லை, உச்சி அறை மற்றவற்றைவிடச் சிறியது. கட்டியவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது.

செஞ்சி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜன். 1714 அக்டோபர் 3-ஆம் தேதி, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சிறு கூட்டத்தோடு எதிர்த்து, இருபத்திரண்டு வயதில் களத்தில் விழுந்தவன். வடக்கேயிருந்து வந்த புந்தேலா ராஜபுத்திரன் வீட்டுப் பிள்ளை, தமிழ் நாட்டுப்புறக் கதைப்பாடலில் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். அவனுக்காக உயிர் கொடுத்த நண்பன் மோவுத்துக்காரன் என்கிற மகபத்கானும், அவர்கள் ஏறிய குதிரைகளும் கூட நமக்குத் தெரிந்த பெயர்கள். வெள்ளைக்காரர்கள் தம் பங்குக்கு இந்தக் கோட்டையைக் கிழக்கின் ட்ராய் என்றார்கள். இப்படிச் சண்டையும் சாவுமாகவே செஞ்சியின் புகழ் வளர்ந்திருக்கிறது. கோட்டையைப் போரை வைத்து மட்டும் எடைபோடுவது, பூட்டை மட்டும் பார்த்துவிட்டு வீட்டை விலைபேசுவது போல. பூட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நடந்திருக்கிறது. செஞ்சியின் நயமான வேலைகள் எல்லாம் அந்தக் குடும்பத்துக்காகச் செய்தவை.

தண்ணீருக்காக இப்படி மெனக்கெட்ட இன்னோர் ஊரும் உண்டு, இத்தாலியில் ஒர்வியேத்தோ என்று ஒரு மலை ஊர். எத்ருஸ்கர் காலத்திலிருந்து மக்கள் குடியிருக்கும் இடம். நாலு பக்கமும் செங்குத்தாக இறங்கும் எரிமலைப் பாறை ஒன்றின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. 1527-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது போப்பாண்டவர் ஏழாம் கிளெமென்ட் அங்கே தஞ்சம் புகுந்தார். ஊரை வளைத்துக்கொண்டால் தண்ணீருக்கு எங்கே போவது என்ற கவலை அவருக்கு. அந்தோனியோ த சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரை வைத்துப் பாறையைக் குடைந்து ஐம்பது மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஒரு கிணறு வெட்டவைத்தார். அதற்குள் ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதை ஒரு வழியில் இறங்கி மறுவழியில் ஏறும். எதிரே வரும் கழுதைக்கு வழிவிட வேண்டிய தொல்லை இல்லை. பத்து வருஷ வேலை, 1537-இல் முடிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் செஞ்சியில் நாயக்கர்கள் கோயிலும் களஞ்சியமுமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒர்வியேத்தோவுக்கு இன்று இன்னொரு பெயர் இருக்கிறது, நிம்மதியாக வாழத் தகுந்த ஊர் என்று. 1999-இல் இத்தாலியின் சில சிற்றூர்கள் சேர்ந்து சித்தாஸ்லோ என்று ஓர் அமைப்பைத் தொடங்கின. ஐம்பதாயிரம் பேருக்கு உட்பட்ட ஊர்கள்தான் அதில் சேரலாம். அவசரமில்லாத வாழ்க்கை, உள்ளூர்ச் சாப்பாடு, நடந்து போகத் தெரு, பழைய கட்டடங்களை இடிக்காத புத்தி இவையெல்லாம் நிபந்தனைகள். தொடங்கிய ஊர்களில் ஒர்வியேத்தோவும் ஒன்று. கிணறு இருக்கும் இடத்திலேயே ஊரும் இன்னும் இருப்பதுதான் அங்கே விசேஷம். செஞ்சியில் ஊர் இறங்கிக் கீழே வந்துவிட்டது, கிணறுகள் மேலேயே தங்கிவிட்டன. மேலே எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நாம் கற்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. உள்ளூரில் முதல் இரண்டும் ராஜாக்கோட்டை, ராணிக்கோட்டை. உருண்டைக் கற்களை யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும் இந்தக் குன்றுகளை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில் சேர்த்துக் கட்டியிருக்கிறது. மதில் பாறைக்கு வழிவிட்டு வளைகிறது. பாறையே சுவராக நிற்கும் இடத்தில் மதில் எழுப்பவில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்த இடத்தில் மட்டும் கல்லை அடுக்கி மூடியிருக்கிறார்கள். வேண்டாத இடத்தில் ஒரு கல்லைக் கூடச் செலவழிக்காத இந்தச் சிக்கனத்தைப் பார்க்கவே ஒரு நாள் ஒதுக்கலாம். திருவண்ணாமலை போகும் சாலை இந்த மதிலை ஊடுருவிப் போகிறது. பேருந்தில் தூங்கிக்கொண்டே கோட்டைக்குள் நுழைந்து கோட்டையைக் கடந்து போகிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

தண்ணீர்க் கதை மகாலோடு முடியவில்லை. ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். அதன் உச்சியில் நல்ல தண்ணீர் ஊற்று இரண்டு இருக்கின்றன. அதற்குக் கீழே மழைநீரைப் பிடித்து வைக்க மூன்று தேக்கங்கள். குன்றின் அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரகுளம் என்று இரண்டு பெரிய குளங்கள். ஊற்று வற்றினால் மழைத் தேக்கம், அதுவும் போனால் கீழே குளம் என்று அடுக்கடுக்காக ஏற்பாடு. பாறைதான் இங்கே நீர்ப்பிடிப்பு. வெட்ட வெளியில் கிடக்கும் வழுக்குப் பாறையில் விழும் மழை மண்ணில் இறங்க வழியில்லாமல் சரிந்து ஓடும். அந்த ஓட்டத்தைத் தடுத்துத் திருப்பி ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் போதும். தோண்டும் செலவு கம்மி, கசிவும் கம்மி. ஐப்பசி மழை நின்ற மறுநாள் இந்தக் குன்றுகளில் ஏறிப் பார்த்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் வானம் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்து, இந்த இடத்தை முதலில் தேர்ந்தெடுத்த கோனார்களுக்கு யோசனை எங்கேயிருந்து வந்திருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். செஞ்சியின் முதல் கோட்டையை ஆனந்தக்கோன் கட்டினான் என்பது மரபு. காலம் 1200-ஐ ஒட்டி. ஆடு மாடு மேய்க்கிறவனுக்குத் தெரியாதா தண்ணீர் எந்தப் பாறை இடுக்கில் நிற்கும் என்று.

செட்டிகுளத்தங்கரையில்தான் தேசிங்கு ராஜனை எரித்ததாகச் சொல்லி ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். அவனோடு அவன் மனைவியும் தீக்குளித்தாள் என்பார்கள். கோட்டைக்குள் நுழைந்தவுடன் வழிகாட்டிகள் இந்த மேடைக்குத்தான் அழைத்துப்போகப் பார்ப்பார்கள். போய்ப் பார்க்கலாம், பார்த்துவிட்டு அப்படியே திரும்பிக் குளத்தையும் ஒரு தரம் பார்த்தால் நல்லது.

மகாலுக்குப் பக்கத்தில் ஆனைக்குளம். யானைகளை இறக்கிக் குளிப்பாட்ட என்றே கட்டிய குளம். அருகில் வழவழவென்று இழைத்த பெரிய சதுரக் கற்பலகை ஒன்று கிடக்கிறது. ராஜா குளித்த கல் என்பது ஊர்ப்பேச்சு. குளித்தாரோ உட்கார்ந்து காற்று வாங்கினாரோ, அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரமெல்லாம் கையை வைத்தால் சிராய்க்கும் கருங்கல். அதே கல்லைத்தான் இங்கே உள்ளங்கை வழுக்கும் அளவுக்குத் தேய்த்திருக்கிறார்கள். போருக்கு இந்த வழவழப்பு எந்த விதத்திலும் உபயோகப்படாது. வெறும் உடம்போடு உட்காரும் மனுஷனுக்காக யாரோ நாள்கணக்கில் தேய்த்த கல் இது.

களஞ்சியம் இருக்கிறதே, அது வேறு ரகம். மகாலின் ஒய்யாரம் எதுவும் அதற்குக் கிடையாது. பருத்த சுவர், வளைந்த கூரை, உள்ளே நுழைந்தால் ஒரு குளிர்ச்சி. வெளவால் நாற்றமும் கூட. நெல்லுக்கு இரண்டு சத்துரு, ஈரமும் எலியும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் கனத்த சுவர். பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடம், குதிரை லாயம் என்று காட்டும் கட்டடங்கள். கீழே மட்டுமில்லை, ராஜகிரியின் உச்சியிலும் களஞ்சியம் உண்டு. அத்தனை படி ஏறி நெல் மூட்டையை மேலே கொண்டு சேர்த்த முதுகுகளையும் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கிருஷ்ணகிரியில் இதைவிட நுணுக்கம். அங்கே எண்ணெய்க் கிணறு என்றும் நெய்க் கிணறு என்றும் இரண்டு தொட்டிகளைக் காட்டுவார்கள். விளக்குக்கு எண்ணெய், இலைக்கு நெய். முற்றுகைக் காலத்தில் அரிசிக்கும் தண்ணீருக்கும் வழி செய்கிறவன் சாதாரண தளபதி. பருப்பும் சோறும் போட்ட இலையில் நெய் விழாவிட்டால் ஆட்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்று யோசித்தவன் குடும்பஸ்தனாகத்தான் இருக்க வேண்டும்.

ராணிக்கோட்டையில் ஏறுவது ராஜாக்கோட்டையைவிடச் சுலபம், கூட்டமும் குறைவு. உச்சியில் குவிமாடத்தோடு ஒரு கொலு மண்டபம் இருக்கிறது. வளைவுகளும் குவிமாடமும் சுல்தானியப் பாணி. சற்றுத் தள்ளி ரங்கநாதர் கோயில் நம் பாணி. மண்டபத்துக்குள் போய் நின்றதும் முதலில் படுவது காற்று. சுற்றிலும் வளைவுத் திறப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நிலம். ஒன்றில் ராஜகிரி, ஒன்றில் வயல், ஒன்றில் ஊர். கீழே அனலடிக்கும் வேளையில் கூட இங்கே வேட்டி படபடக்கும். மன்னர்கள் இங்கே உட்கார்ந்து வழக்கு விசாரித்தார்களோ இல்லையோ, மத்தியானத் தூக்கம் போட்டிருப்பார்கள் என்று சத்தியம் செய்யலாம்.

ராஜாக்கோட்டைக்கு ஏற வேண்டுமானால் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும். அடிவாரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் கிழவி, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவாள்: “மேல போறதுன்னா தண்ணி எடுத்துக்கிட்டுப் போ சாமி. பாட்டில வெளிய காட்டாத, கொரங்கு புடுங்கிக்கும்.” எந்தக் குன்றின் அடிவாரத்தில் ஆறு மாடிக்குத் தண்ணீர் ஏறியதோ, எதன் உச்சியில் ஊற்று இருக்கிறதோ, அங்கே நாம் பாட்டில் தண்ணீரைக் குரங்குக்குப் பயந்து மறைத்துக்கொண்டு ஏறுகிறோம்.

வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். கோட்டைக்கு எத்தனையோ சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். கோனார், விஜயநகரத்தார், நாயக்கர், பிஜப்பூர்ச் சுல்தான், மராட்டியர், முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், இடையில் கொஞ்ச காலம் ஹைதர் அலி. அம்மன் மட்டும் இடம் மாறவில்லை. சித்திரையில் இன்றைக்கும் அவளுக்குத் திருவிழா, ஊர் திரண்டு வரும். அவளைத் தாண்டிப் படி செங்குத்தாகிறது. உச்சிக் கோட்டைக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும் இடத்தில் ஒரு பாலம். அன்று அது எடுத்துப் போடும் மரப்பாலம். அதை இழுத்துவிட்டால் உச்சிக்கும் உலகத்துக்கும் சம்பந்தம் அறுந்துவிடும். அப்படி அறுந்த பிறகும் மேலே இருப்பவர்களுக்கு ஊற்று, களஞ்சியம், ரங்கநாதர் கோயில், கருவூலம், மணிக்கூண்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். உச்சியில் நின்று பார்த்தால் தற்காப்பைவிட இந்தக் குடித்தன ஏற்பாடுதான் கண்ணில் படுகிறது.

இந்த ஊரை 1597-இல் ஓர் ஐரோப்பியர் வந்து பார்த்திருக்கிறார். நிக்கோலஸ் பிமெண்டா, போர்ச்சுகீசிய இயேசு சபைப் பாதிரியார். அப்போது ஆட்சி கிருஷ்ணப்ப நாயக்கருடையது. இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களிலேயே பெரியது இது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இதைவிடப் பெரிய ஊர் இல்லை என்றும் பிமெண்டா எழுதினார். நகரத்தின் நடுவே வெட்டுக்கல் மதிலோடும் தண்ணீர் நிறைந்த அகழியோடும் கோட்டை, கோட்டைக்கு நடுவே கொத்தளங்களாகச் செதுக்கிய குன்று என்று அவர் வருணனை போகிறது. லிஸ்பனுக்கு அடுத்து செஞ்சி! இன்று பேரூராட்சி.

அத்தனை பெரிய நகரத்தின் வீடுகள் எங்கே போயின? கல்லால் கட்டியவை நின்றன, மற்றவை மண்ணோடு போயின. மண் சுவரும் கூரையும் பனைமரச் சட்டமும் நூறு வருஷம் கவனிக்காமல் விட்டால் தடமில்லாமல் போகும். செஞ்சியில் இன்று நாம் பார்ப்பது நகரத்தின் எலும்பு மட்டும். சமைத்த இடம், தறி போட்ட இடம், குழந்தை தவழ்ந்த திண்ணை எதுவும் இல்லை. ஒர்வியேத்தோவில் வீடுகளும் கல். இந்த ஒரு வித்தியாசத்தால், அங்கே சாதாரண ஜனங்களின் தெரு மிஞ்சியது, இங்கே ராஜாவின் குளியல் கல் மிஞ்சியது. அங்கே வாழ்ந்தவர்கள் இங்கே வாழ்ந்தவர்களைவிடச் சௌகரியமாக இருந்தார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

செஞ்சியின் குடித்தன ஏற்பாடுகளுக்குப் பெரிய பரீட்சை வந்தது மராட்டியர் காலத்தில். 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றியதும் மதில்களைப் புதுப்பித்தார், அகழி வெட்டினார். பின்னால் அவர் மகன் ராஜாராம், மகாராஷ்டிரத்தில் நிற்க இடமில்லாமல் இங்கே ஓடிவந்து, மராட்டிய அரசையே இங்கிருந்து நடத்தினார். 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் வந்து வளைத்தார். கோட்டை விழுந்தது 1698-இல். இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் விந்தை. 1692 முடிந்து 1693 பிறக்கும் சமயம், சாந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகள் வெளியே தானியம் வரும் வழிகளை அடைத்துவிட்டார்கள். முற்றுகை போட்டவர்களின் பாளையத்தில் பஞ்சம். சுல்பிகார் கான் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. உள்ளே அடைபட்டவர்கள் சாப்பிட்டார்கள், வெளியே வளைத்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். இந்த முற்றுகைக்கு நடுவில்தான் ராஜாராமின் மனைவி தாராபாய் இங்கே வந்து சேர்ந்தார். 1696-இல் பிள்ளையும் பெற்றார். முற்றுகைக்குள் பேறுகாலம் பார்க்கத் துணிவு வந்திருக்கிறது என்றால், அந்த இடத்தின் மேல் அவர்களுக்கு எத்தனை நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் செஞ்சி அப்படி நடந்துகொள்ளவில்லை. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். முகலாயருக்கு எட்டு வருஷம் பிடித்த வேலை அவருக்கு ஒரு ராத்திரி. பிடித்தது சுலபம், இருப்பது கஷ்டமாகிவிட்டது. கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் செஞ்சி என்று அக்காலத்தில் பேர் வாங்கியது. ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கே வைத்துக்கொள்ளாத பிரெஞ்சுக்காரர்கள், பத்து வருஷத்தில் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள் என்று எழுதுகிறார் ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர். 1761-இல் ஆங்கிலேயர் வசம் போனது. அவர்களும் இதன்மேல் ஆசைப்பட்டு உட்காரவில்லை.

ஒரே குன்று, அதே ஊற்று, அதே குளம். நாயக்கருக்கு லிஸ்பனுக்கு அடுத்த நகரம், பிரெஞ்சுச் சிப்பாய்க்குச் சுடுகாடு. என் ஊகம் இது: குளம் ஒரு தரம் வெட்டிப்போட்டால் தீர்ந்துபோகும் பொருளில்லை. வருஷா வருஷம் தூர் எடுக்க வேண்டும், பாசி எடுக்க வேண்டும், மதகு பார்க்க வேண்டும். அதற்கு ஊரில் குடும்பங்கள் இருக்க வேண்டும், குளத்தில் குளிக்கிறவர்களும் துவைக்கிறவர்களும் குளம் கெட்டால் கூப்பாடு போடுகிறவர்களும் இருக்க வேண்டும். பாளையத்துக்கு வந்த நூறு சிப்பாய்களுக்கு அந்த அக்கறை எப்படி வரும்? ஆள் போன குளத்தில் கொசு குடியேறியிருக்கும்.

செஞ்சியைச் சுற்றிக் குடியிருந்தவர்களின் கணக்கு கோட்டைக்கும் முந்தியது. சிங்கவரம் பக்கம் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரு பெரும்பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைப் பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு சொல்கிறது. வாழ்வதற்கு மட்டுமல்ல, நிதானமாக விடைபெற்றுக்கொள்ளவும் தோதான இடமென்று ஒருவர் தேர்ந்தெடுத்த குன்று. சிங்கவரத்திலேயே குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர். கீழ்க்கோட்டையில் முத்தியாலு நாயக்கர் கட்டிய வேங்கடரமணர் கோயில். வாசல் சுவரில் பாற்கடல் கடைவதும் இராமாயணமும் சின்னச் சின்னதாக ஓடும். நின்று பார்க்கிறவர்கள் குறைவு. 1717-18-இல் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது. தேசிங்கை வென்றவரின் பள்ளிவாசலும் தேசிங்கின் மேடையும் ஒரே மதிலுக்குள் இருப்பதை யாரும் இங்கே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வேங்கடரமணர் கோயில் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதாம் என்பார்கள். சாயங்காலம் அங்கே காற்று வாங்க வருகிறவர்கள் ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தூணில் சாய்ந்து நிற்கிறார்கள். களவு களவுதான். ஆனாலும் மனுஷர் சாய்ந்துகொள்ளப் பயன்படும் தூண், பூட்டிய கோயிலில் நிற்கும் தூணைவிட அதிர்ஷ்டக்காரத் தூண் என்று எனக்கு ஒரு கட்சி உண்டு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. சந்தோஷம்தான். ஆனால் தலைப்பிலேயே ராணுவம் வந்து உட்கார்ந்துவிட்டது. மராட்டியர் இங்கே இருந்தது இருபத்தோரு வருஷம். மகாலின் குழாயும் களஞ்சியமும் தண்ணீர் அடுக்கும் அந்தத் தலைப்புக்குள் அடங்க மறுக்கின்றன.

கீழே இருக்கும் ஊரைப் பார்க்காமல் திரும்புவது பாவம். மேற்கே பாக்கமலையில் பிறக்கும் சங்கராபரணி, செஞ்சிப் பக்கமாகத்தான் போகிறது. சுற்றிலும் நெல்லும் வேர்க்கடலையும். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வெளியே நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். அந்தக் காலத்துக் களஞ்சியம் கோட்டைக்குள், இந்தக் காலத்துக் களஞ்சியம் சாலையோரம். அமாவாசை இராத்திரிகளில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் பேருந்து நிலையம் பிதுங்கும். ரயில் இன்னும் வரவில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செஞ்சி வழியாகப் பாதை போடும் திட்டம் வருஷக்கணக்காகப் பேச்சில் இருக்கிறது. சித்தாஸ்லோ கேட்கும் ஐம்பதாயிரத்துக்குள் அடங்கும் ஊர்தான் இது. நிதானம் மட்டும் திட்டம் போட்டு வந்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில் வாரச்சந்தை. ஆட்டுக்குப் பேர்போன சந்தை. தீபாவளி, பொங்கல், பக்ரீத் நெருங்கினால் வெளியூர் வண்டிகள் இரவோடு இரவாக வந்து நிற்கும். விலை பேசுகிறவர் ஆட்டின் முதுகை விரலால் அழுத்திப் பார்க்கிறார், பல்லைப் பிரித்துப் பார்க்கிறார், பிறகு வேண்டாதவர் மாதிரி நாலடி நடக்கிறார். விற்கிறவர் கூப்பிடும் வரை திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாம் விடியலில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். கோட்டை பார்க்கப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போவது நல்லது. இருட்டோடு போய்ச் சந்தையைப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு ராஜாக்கோட்டையில் ஏறினால் பத்து மணிக்குள் உச்சியைத் தொடலாம். மகாலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் அளக்க அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால், அந்த மண்குழாய் எங்கே ஏறுகிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள்.